எலைட் டேஞ்சரஸ்: 2018க்குப் பிறகு திரும்பி வந்தால் ஸ்கேனர் எல்லாம் மாறியிருக்கு. தேடற் பயணத்துக்கு இப்ப என்ன பூட்டுவது?

தெஹிவளைப்பயணி:

வணக்கம் அண்ணாமார், அக்காமார்.

எலைட் டேஞ்சரஸ் என்ற விண்வெளி ஆட்டத்தை 2018 நடுப்பகுதியில் விட்டேன். இப்போதுதான் ஒடிசி என்ற அதன் கூடுதல் பகுதியும் சேர்த்து வாங்கித் திரும்பி வந்திருக்கிறேன். முன்பு அட்வான்ஸ்ட் டிஸ்கவரி ஸ்கேனர் ஒன்று பூட்டினால் காணும். ஒரு நட்சத்திரத் தொகுதிக்குள் பாய்ந்ததும் பொத்தானை ஒருதரம் அழுத்திப் பிடித்தால் அத்தனை கோளும் வரைபடத்தில் வந்து நிற்கும். இப்போது அந்த ஸ்கேனர் எந்த நிலையத்திலும் விற்பனைக்கு இல்லை. ஹோங்க் எனும் அந்த முதல் ஸ்கேனை மட்டும் அடித்துக்கொண்டு 40 தொகுதி பாய்ந்துவிட்டு வந்து விற்றால் கையில் சில்லறைதான் விழுந்தது.

எஃப்எஸ்எஸ் என்ற, தொகுதி முழுக்கத் தேடும் ஸ்கேனர் திரை சில வேளை திறக்கிறது, சில வேளை அசையவே மாட்டேன் என்கிறது. திறந்தாலும் நீலப் புகை மாதிரி ஏதோ தெரிகிறதே தவிர, அதை வைத்து என்ன செய்வது என்று விளங்கவில்லை. கோளின் தரையை வரையும் டிஎஸ்எஸ் ஸ்கேனர் வாங்கி ஆய்வுக்கலங்களைச் சுட்டால் பாதி கோளைத் தாண்டிப் போய்விடுகின்றன.

கப்பல் அஸ்ப் எக்ஸ்ப்ளோரர், பாய்ச்சல் 34 ஒளியாண்டு, கையில் 40 மில்லியன் கிரெடிட். இதை எதில் போடலாம்? புதுக் கப்பலுக்குச் சேர்க்க வேண்டுமா?

இன்னொன்று. எங்கள் பக்கம் கறண்ட் நினைத்த நேரம் போகும். நடு வழியில் போனால் சேர்த்த தரவு எல்லாம் அழிந்துவிடுமா?

நட்சத்திரவலை:

அந்த ஸ்கேனரைத் தேட வேண்டாம், இனிக் கிடைக்காது. 2018 டிசம்பர் 11 அன்று வந்த பியோண்ட் நான்காம் அத்தியாயம் என்ற புதுப்பிப்போடு பேசிக், இன்டர்மீடியட், அட்வான்ஸ்ட் மூன்றையும் எடுத்துவிட்டார்கள். ஹோங்க் அடிக்கும் கருவியும் எஃப்எஸ்எஸ்ஸும் இப்போது எல்லாக் கப்பலிலும் கூடவே வருகின்றன. இடமும் பிடிக்காது, காசும் இல்லை. டிஎஸ்எஸ் ஒன்றை மட்டும் 1ஆம் அளவு அறையில் நீங்களே பூட்ட வேண்டும், விலை 250,000.

எஃப்எஸ்எஸ் திறக்காததற்குக் காரணம் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்று: கப்பல் சூப்பர்குரூஸில் (தொகுதிக்குள் ஒளியைவிட வேகமாக ஓடும் நிலை) இல்லை, வேகம் பூச்சியத்துக்கு இறங்கவில்லை, அல்லது காட்சி முறை இன்னும் கொம்பட்டில் நிற்கிறது. அனாலிஸிஸ் முறைக்கு மாற்றி, த்ரொட்டிலை முழுதாக இறக்கி, வேகம் தணியும் வரை இரண்டு செக்கன் பொறுத்துவிட்டு அழுத்துங்கள். விசைகள் கொன்ட்ரோல் பட்டியலில் தனிப் பிரிவாக இருக்கும். அலைவரிசை மாற்றும் விசையை மௌஸ் சக்கரத்திலோ ஜொய்ஸ்டிக்கின் ஓர் அச்சிலோ போட்டால் வேலை பாதி குறையும்.

இனி அந்தத் திரையைப் படிக்கும் விதம். முதலில் ஹோங்க், அது முடிந்தால்தான் கீழே உள்ள பட்டையில் மேடுகள் வரும். பட்டையின் இடது ஓரம் சிறுகோள் திரள்கள், சிக்னல்கள். வலது ஓரம் வாயுப் பூதங்கள். இடையில் தரையுள்ள கோள்கள். பூமி மாதிரிக் கோள், நீர்க் கோள், அமோனியாக் கோள் ஆகியவற்றின் வடிவம் பாறைக் கோள்களின் வடிவத்தைப் போல் இராது. நாலைந்து தொகுதி பார்த்தால் கண் பழகிவிடும். சுட்டியை ஒரு மேட்டுக்கு நேரே கொண்டுபோய் வைத்தால் அந்த அலைவரிசைக்குரிய நீலத் திரள் மட்டும் வானத்தில் துலங்கும். அதன்மேல் குறியை வைத்துப் பெரிதாக்க வேண்டும். பெரிதாகாவிட்டால் குறி நடுவில் இல்லை, அல்லது அலைவரிசை ஒரு மயிரிழை தள்ளி நிற்கிறது. குறிவட்டத்தில் அம்புகள் எந்தப் பக்கம் காட்டுகின்றனவோ அந்தப் பக்கம் கொஞ்சம் நகர்த்துங்கள். ஒரு வாயுப் பூதமும் அதன் நிலவுகளும் ஒரே திரளாகத் தெரிந்தால் பெரிய மேட்டை முதலில் எடுத்துவிட்டு, அதே இடத்தில் நின்றபடி இடது பக்கமாக வாருங்கள்.

ஒவ்வொரு தொகுதியிலும் எல்லாவற்றையும் திறக்க நினைப்பதுதான் ஆட்களைக் களைக்க வைக்கிறது. பட்டையை ஐந்து செக்கன் பாருங்கள். இரு ஓரங்களில் மட்டும் மேடு, நடுவே ஒன்றும் இல்லை என்றால் அடுத்த தொகுதிக்குப் பாயுங்கள். நடுவில் மேடு இருந்தால் நின்று பாருங்கள்.

ஹோங்க் மட்டும் அடித்தால் விலை இல்லை, அது அப்படித்தான். விலை எஃப்எஸ்எஸ்ஸில் தொடங்கி, டிஎஸ்எஸ்ஸால் வரைந்தால் பல மடங்காகும். முதற் கண்டுபிடிப்பு உங்களுடையதென்றால் 2.6 மடங்கு. குறித்த எண்ணிக்கைக்குள் ஆய்வுக்கலங்களை முடித்தால் இன்னும் 1.25 மடங்கு. கோளின் பெயர்ப்பலகையில் யார் பெயர் வரும் என்பது யார் முதலில் பார்த்தார் என்பதைப் பொறுத்ததல்ல. தரவை யார் முதலில் விற்றார் என்பதுதான் கணக்கு. டிஎஸ்எஸ் செலவழிக்கத் தகுந்தவை பூமி மாதிரி, நீர், அமோனியாக் கோள்கள், பிறகு டெராஃபோர்ம் செய்யலாம் (மனிதர் வாழத் தக்கதாக மாற்றலாம்) என்று குறித்த உலோகச் செறிவுக் கோள்கள். பனிக்கட்டிக் கோள்களை அழகுக்காக வரையலாம், காசுக்காக வேண்டாம்.

ஆய்வுக்கலங்கள் தாண்டிப் போவது நீங்கள் மிக நெருங்கி நின்று சுடுவதால். கோளின் வட்டம் முழுவதும் திரைக்குள் அடங்கும் தூரத்தில் நில்லுங்கள். கலம் நேர்கோட்டில் போகாது, கோளின் ஈர்ப்பில் வளைந்து விழும். அதனால் பின்பக்கத்துக்கு அனுப்ப விளிம்புக்கு வெளியே, ஏறக்குறைய பாதி ஆரம் தள்ளிக் குறி பாருங்கள். குறிவட்டமே படுமா தாண்டுமா என்று சொல்லும். சின்ன நிலவுக்கு இலக்கு பெரும்பாலும் 4 முதல் 6 வரை. நடுவில் ஒன்று, மேல், கீழ், இடம், வலம் என விளிம்பை ஒட்டி நான்கு, எஞ்சியது பின்பக்கத்துக்கு. ஒன்று விழும் வரை காத்திருக்க வேண்டியதில்லை, அடுத்தடுத்துச் சுடலாம். கலங்களுக்கு எண்ணிக்கை வரம்பு இல்லை. வளையம் உள்ள கோளில் வளையத்தைத் தனியாகச் சுட வேண்டும்.

கறண்ட் விஷயம்: தரவு உங்கள் கொம்பியூட்டரில் இல்லை, சேர்வரில் இருக்கிறது. 2025 பெப்ரவரி 9 ஞாயிறு மாதிரி நாடு முழுக்க இருண்டாலும் ஸ்கேன் செய்தது ஸ்கேன் செய்ததுதான். இணைப்பு அறுந்ததும் கப்பல் விண்வெளியிலிருந்து எடுக்கப்பட்டுவிடும், ஆளில்லாமல் மிதந்துபோய் மோதாது. ஆனால் சோலோவில் (தனியாக) ஆடினாலும் இணைப்பு இல்லாமல் இந்த ஆட்டம் ஓடாது. அதனால் யூபிஎஸ் வாங்கினால் ரூட்டரையும் அதில் சேர்த்துக் கொழுவுங்கள். தரவு அழிவது கப்பல் வெடித்தால் மட்டுமே.

கொட்டாஞ்சேனை77:

தம்பி, 40 மில்லியன் இருக்கெண்டு உடனே நட்சத்திரத்தில இருந்து எரிபொருள் உறிஞ்சுற 6ஏ (6ஆம் அளவு, ஏ தரம்) ஃபியூவல் ஸ்கூப்புக்கு ஓடாதீங்கோ. அது 28 மில்லியனுக்கு மேல. 6பி ஏழு மில்லியன் சொச்சம்தான். ஏ செக்கனுக்கு 878 கிலோ உறிஞ்சும், பி 752 கிலோ. உங்கட 5ஏ பாய்ச்சல் டிரைவ் ஒரு பாய்ச்சலுக்கு ஆகக் கூடினது 5 தொன் எரிக்கும். அதை நிரப்ப ஏக்கு 5.7 செக்கன், பிக்கு 6.6 செக்கன். ஒரு செக்கனுக்காக 21 மில்லியன் குடுக்கிறது வீண். அந்தக் காசை டிரைவில போடுங்கோ.

டிரைவ் ஏ தரம், அதில விட்டுக்குடுக்கேலாது. லைஃப் சப்போர்ட், சென்சர் ரெண்டும் டி தரம். எடை ஆகக் குறைஞ்சது அதுதான். ஆயுதம் எல்லாத்தையும் கழட்டிப் போடுங்கோ. ஆனா ஷீல்டைக் கழட்டாதீங்கோ. கன பேர் அரை ஒளியாண்டுக்காக ஷீல்டைக் கழட்டிப் போட்டு, கோளில இறங்கேக்க ஒரு கல்லில தட்டி, 20,000 ஒளியாண்டு தள்ளி உடைஞ்ச கப்பலோட நிக்கிறவை. சின்னதா ஒரு டி தர ஷீல்ட் காணும். சூட்டை வெளியேத்துற ஹீட் சிங்க் ஒண்டு கட்டாயம். தரையில ஓட எஸ்ஆர்வி வண்டி வேணுமெண்டா கராஜ் 2எச் எடுக்காதீங்கோ, 2ஜி எடுங்கோ. விலை கூட, மின்சாரமும் கூடக் கேக்கும், ஆனா எடை 12 தொன்னுக்குப் பதிலா 6 தொன்.

பிறகு டெசியாட் தொகுதியில இருக்கிற எஞ்சினியர் ஃபெலிசிட்டி ஃபார்சீயர். அவவிட்டத்தான் டிரைவை 5ஆம் தரம் வரை நீட்டலாம். அழைப்பு வர எக்ஸ்ப்ளொரேஷன் தரம் ஸ்கவுட் ஆகியிருக்கோணும்; பழைய ஆள் எண்டபடியா உங்களுக்கு அது ஏற்கனவே இருக்கலாம். கையில மெட்டா அலோய் எண்ட பொருள் ஒண்டு கொண்டுபோகோணும். அது மாயா தொகுதியில டார்னியல்ஸ் புரோகிரஸ் நிலையத்தில விக்கும். மாயா எங்கையெண்டா எங்கட கார்த்திகைக் கூட்டத்துக்குள்ளதான். மார்கழி, தை மாத இரவில காலி முகத்திடல்ல நிண்டு மேல பார்த்தா ஒரு சின்னக் கொத்தாத் தெரியுதே, அதே நட்சத்திரங்கள்தான். அப்ப முதற் பயணமும் அதாவே முடிஞ்சிடும். போற வழியில எஃப்எஸ்எஸ் பழகுங்கோ.

அதுக்கு மேல கார்டியன் எஃப்எஸ்டி பூஸ்டர் (எஃப்எஸ்டி எண்டா அந்தப் பாய்ச்சல் டிரைவ்தான்). 5ஆம் அளவு பூட்டினா டிரைவ் எப்படி இருந்தாலும் 10.5 ஒளியாண்டு சும்மா கூடும். கார்டியன் எண்ட அழிஞ்ச வேற்றுக்கிரக இனத்தின்ர இடிபாட்டில போய்ப் பொருள் பொறுக்கோணும், ஒரு பின்னேரம் செலவாகும். ரெண்டும் சேர்ந்தா உங்கட அஸ்ப் 50ஐத் தாண்டிப் போகும்.

புதுச் சாமான்ல முக்கியம் எஸ்சிஓ டிரைவ். 2024 மே மாதம் வந்தது. சூப்பர்குரூஸில ஓடேக்க பூஸ்ட் அழுத்தினா ஒரே தள்ளு. முந்தி ஹட்டன் ஓர்பிட்டலுக்கு 0.22 ஒளியாண்டு ஓட ஒரு மணித்தியாலத்துக்கு மேல இருந்து பார்க்கோணும். இப்ப நிமிஷக் கணக்கு. இரண்டாவது நட்சத்திரம் ரெண்டு இலட்சம் ஒளிச்செக்கன் தள்ளி இருந்தா முந்தி ஒருத்தரும் போய்ப் பார்க்கமாட்டினம். அப்பிடிப்பட்ட கோள்கள்ல இன்னும் பெயர் விழாம கன இருக்கு. ஆனா அஸ்ப் பழைய கப்பல், எஸ்சிஓவுக்கெண்டு செய்ததில்லை. மூக்கு அங்கையும் இங்கையும் அடிக்கும், சூடு கிடுகிடுவெண்டு ஏறும், எரிபொருள் தண்ணியா ஓடும். சின்னச் சின்னதா அழுத்தி விடுங்கோ, எரிபொருள் பாதிக்குக் கீழ வந்தா விட்டிடுங்கோ. திரும்பிப் பாயவும் எரிபொருள் வேணுமெல்லோ.

புதுக் கப்பலெண்டா சோர்கன் பீட்டர்சன் மண்டலே, 2024 கடைசியில வந்தது. எஸ்சிஓவில நேரா ஓடும், எஞ்சினியரிங் முடிச்சா 80 ஒளியாண்டுக்கு மேல. ஆனா இப்ப வேண்டாம், அஸ்பில தொழிலைப் பழகுங்கோ.

ஏஎஃப்எம்யூ எண்ட திருத்தப் பெட்டியும் ஒண்டு போடுங்கோ. நியூட்ரோன் நட்சத்திரத்தின்ர கூம்புக்குள்ள பூந்து டிரைவை ஏத்தினா அடுத்த பாய்ச்சல் நாலு மடங்கு போகும், ஆனா ஒவ்வொருதரமும் டிரைவ் ஒரு வீதம் தேயும். வெள்ளைக் குள்ளன் தாறது ஒண்டரை மடங்கு மட்டும்தான். அதின்ர கூம்பு நட்சத்திரத்தோட ஒட்டி இருக்கிறபடியா அந்த ஆபத்துக்கு அது காணாது, விடுங்கோ.

தெஹிவளைப்பயணி:

மிக்க நன்றி அண்ணாமார். 6பி வாங்கியாச்சு. வட்டம் முழுதாகத் தெரியும் தூரத்தில் நின்றதும் ஆய்வுக்கலம் ஒன்றும் தவறவில்லை, 6 இலக்குக்கு 5இல் முடிந்தது.

இப்போது வேறு சிக்கல். ஓர் உலோகச் செறிவுக் கோள், மெல்லிய கார்பன் டையொக்சைட் வளிமண்டலம், வெப்பநிலை 178 கெல்வின், பயோலொஜிக்கல் 2 என்று காட்டுகிறது. இறங்கி இருபது நிமிடம் நடந்தும் ஒரு செடிகூடக் கண்ணில் படவில்லை. பிறகு ஒன்று கிடைத்தது, மாதிரி எடுத்தேன். பக்கத்தில் இருந்த அடுத்ததை எடுக்க விடவில்லை. ஏன்?

கண்டியில் ஒரு நண்பன் பிளேஸ்டேஷன் 4இல் விளையாடுகிறான். சேர்ந்து பயணம் போகலாமா?

செங்குள்ளன்:

178 கெல்வின், உலோகச் செறிவு, மெல்லிய வளி என்று நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அந்த இரண்டில் ஒன்று ஸ்ட்ரேட்டம் டெக்டோனிக்காஸ் ஆக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அது உலோகச் செறிவுக் கோளில், 165 கெல்வினுக்கு மேல்தான் வளரும். விலை 19,010,800. முதலில் பதிவு செய்தவர் நீங்கள் என்றால் மொத்தம் ஐந்து மடங்கு, அதாவது 95,054,000. ஒரே செடியில் உங்கள் கையிருப்பு இரண்டு மடங்குக்கு மேல் கூடும். அந்தக் கோளை விட்டுப் போகாதீர்கள்.

எஃப்எஸ்எஸ் எண்ணிக்கையை மட்டும் சொல்லும். டிஎஸ்எஸ் முழுதாக வரைந்த பிறகுதான் பேரினப் பெயர்கள் தெரியும். வரைந்து முடித்த உடனே அந்தத் திரையை மூடாதீர்கள். வடிப்பானை ஒவ்வொரு பேரினமாக மாற்றினால் கோளின்மேல் நிறம் மாறும். கடைசியாகத் தெரிந்தெடுத்த பேரினத்தின் நிறம் சுற்றுப்பாதைக்கு இறங்கும்போதும் கூடவே வரும். அந்த நிறம் "இந்தத் தரையில் வளரலாம்" என்பதற்கான அடையாளம். அங்கே கட்டாயம் இருக்கும் என்று அர்த்தமில்லை. ஆகவே நிறத்தின் நடுவில் இறங்கி நடக்கத் தொடங்காமல், கப்பலைத் தாழ்வாக, வெயில் அடிக்கும் பக்கத்தில் ஓட்டிக்கொண்டே தேடுங்கள். நடந்து தேடுவது கிடையாது. கப்பலில் இருந்து கண்டுபிடித்து, பக்கத்தில் இறக்கி, இறங்கி மாதிரி எடுத்துவிட்டு ஏறிவிட வேண்டும்.

இன்னொன்று பாக்டீரியமாக இருந்தால் அதைத் தேடுவது பொறுமையான வேலை. தரையோடு ஒட்டிய பாசி மாதிரி, உயரமே இல்லை. கருமணலில் கருநிறமாக இருந்தால் 200 மீற்றர் உயரத்தில் ஒன்றும் தெரியாது. குன்றுகளை விட்டுச் சமவெளிக்குப் போய், மிகத் தாழ்வாக, சூரியன் பக்கவாட்டில் விழும்படி ஓட்டிப் பாருங்கள். விலை குறைந்த இனம் ஒரு மில்லியன்தான், ஆனால் கிட்டத்தட்ட எல்லா இடத்திலும் கிடைக்கும்.

இரண்டாவது மாதிரி எடுக்க விடாதது தூரத்தால். ஓர் இனத்துக்கு மூன்று மாதிரி வேண்டும்; மூன்றும் ஒன்றுக்கொன்று மரபு வேறுபட்ட செடிகளாக இருக்க வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு பேரினத்துக்கும் ஓர் இடைவெளி வைத்திருக்கிறார்கள். ஸ்ட்ரேட்டம், பாக்டீரியம், ஃபொன்டிக்குலுவா 500 மீற்றர். டஸக் 200. கக்டொய்டா, ஃபங்கொய்டா 300. அலியோய்டா, கொன்கா, கிளிப்பியஸ், ஃப்ரூட்டெக்ஸா, ரிசெப்டா 150. ஃபியூமரோலா 100 மட்டும். ஒஸியஸ், டியூபஸ் 800, எலெக்ட்ரிக்கே ஒரு கிலோமீற்றர். முக்கியமாக இது: ஓர் இனத்தில் இரண்டு மாதிரி எடுத்த நிலையில் வழியில் கண்ட வேறு இனத்தை ஸ்கேன் செய்தால் முந்திய இரண்டும் அழிந்துவிடும். ஒன்றை முடித்துவிட்டு மற்றதுக்குப் போங்கள்.

மாதிரி எடுக்கும் கருவி ஆர்ட்டெமிஸ் உடுப்போடுதான் வரும், பயனியர் சப்ளைஸில் 150,000. விற்பது விஸ்டா ஜெனோமிக்ஸில். வரைபடத் தரவு வாங்கும் கார்ட்டோகிராஃபிக்ஸில் தேடி மினக்கெட வேண்டாம்.

இறங்க முன்பே கணிக்கலாம் என்பதால் இதையும் வைத்துக்கொள்ளுங்கள். தொகுதி வரைபடத்தில் கோளின் ஈர்ப்பு, வளி, வெப்பநிலை மூன்றும் இருக்கும். ஸ்ட்ரேட்டமும் பாக்டீரியமும் ஈர்ப்பு கூடிய கோளிலும் வரும். மற்ற பேரினங்கள் பெரும்பாலும் 0.28 ஜிக்கு மேல் இல்லை. அதனால் 0.45 ஜி கோளில் பயோலொஜிக்கல் 1 என்றால் அது அந்த இரண்டில் ஒன்றுதான் என்று எடுத்துக்கொண்டு, வெப்பநிலையையும் கோள் வகையையும் பார்த்து இறங்குவதா விடுவதா என்று முடிவெடுக்கலாம். பனிக்கட்டிக் கோளில் நியோன் வளி என்றால் ஃபொன்டிக்குலுவா செக்மென்டாட்டஸ் வரலாம், 19,010,800. அதே பேரினம் ஆர்கன் வளியில் வளரும்போது கம்பெஸ்ட்ரிஸ், வெறும் ஒரு மில்லியன். வளிமண்டலத்தின் ஒரு சொல்லில் 18 மில்லியன் வித்தியாசம்.

கொட்டாஞ்சேனை அண்ணா சொன்னதில் ஒரு திருத்தம். ஏஎஃப்எம்யூ தன்னைத் தானே திருத்தாது. நீண்ட பயணத்துக்கு இரண்டு வேண்டும், ஒன்று மற்றதைத் திருத்தும். பவர் பிளான்டை இரண்டாலும் திருத்த முடியாது. திருத்தும் நேரம் அந்தப் பகுதி அணைந்துவிடும் என்பதால் சூப்பர்குரூஸில் ஓடிக்கொண்டே டிரைவைத் திருத்தத் தொடங்கினால் கப்பல் அவசரமாக வெளியே தள்ளப்பட்டு, இருந்ததைவிடக் கூடச் சேதமாகும். முதலில் சாதாரண வெளிக்கு இறங்கி நின்று, பிறகு திருத்துங்கள்.

நட்சத்திரவலை:

கண்டி நண்பரோடு சேர்ந்து போக முடியாது. கொன்சோல் பதிப்பின் மேம்பாடு 2022 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் பால்வெளியையே லெகசி (பழையது), லைவ் (புதியது) என்று இரண்டாகப் பிரித்தார்கள். அவர் லெகசியில், நீங்கள் லைவில். அவருக்குக் கொம்பியூட்டர் இருந்தால் அடிப்படை ஆட்டம் காணும், உங்களோடு பறந்து ஸ்கேன் செய்யலாம். மெல்லிய வளியுள்ள கோளில் இறங்கவும் நடக்கவும் மட்டும் ஒடிசி வேண்டும். ஸ்டீமில் எங்களுக்கு விலை டொலரில்தான் காட்டும், ஒடிசிக்குக் கழிவு அடிக்கடி வரும், அவசரப்பட வேண்டாம்.

எங்கே போவது என்பதைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை, ஆனால் பெயர் விழாத கோள் கிடைப்பது அதில்தான் தங்கியிருக்கிறது. மனிதக் குடியிருப்பிலிருந்து பால்வெளி மையத்துக்கும், 22,000 ஒளியாண்டு தள்ளியுள்ள கொலோனியாக் குடியிருப்புக்கும் நேர்கோடு பிடிக்காதீர்கள். பதினோரு ஆண்டாக எல்லாரும் போன பாதை அது. 2019இல் டிஸ்டன்ட் வேர்ல்ட்ஸ் 2 பயணத்தில் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து போனதும் மையத்தின் வழியாகத்தான். வரைபடத்தைச் சாய்த்து, பால்வெளித் தட்டின் தளத்திலிருந்து சில நூறு ஒளியாண்டு மேலேயோ கீழேயோ ஒரு புள்ளியைக் குறித்து அதற்குப் பாதை போடுங்கள். ஆயிரம், இரண்டாயிரம் ஒளியாண்டு தூரத்திலேயே தொடாத தொகுதிகள் வரத் தொடங்கும்.

தொகுதியின் பெயரைப் படிக்கப் பழகுங்கள். மையத்துக்குப் பக்கத்தில் எக்ஸ்ப்ளோரர்ஸ் அங்கரேஜ் நிலையம் இருக்கும் தொகுதியின் பெயர் ஸ்டூமே எஃப்ஜி-வை டி7561. அந்த எண்ணுக்கு முன்னால் உள்ள சின்ன எழுத்து டி, நிறைக் குறியீடு. ஏ தொடங்கி எச் வரை எட்டு உண்டு. ஏ என்றால் 10 ஒளியாண்டுப் பெட்டி, நிறை குறைந்தவை. ஒவ்வோர் எழுத்துக்கும் பெட்டி இரட்டிப்பாகி எச்சில் 1,280 ஒளியாண்டு, ஆகக் கனமானவை. ஏ, பி இரண்டிலும் செங்குள்ளன்களும் பழுப்புக் குள்ளன்களும்தான் மிகுதி. பூமி மாதிரிக் கோள் தேடுபவர் டி எழுத்துள்ளவற்றில் எஃப், ஜி வகை நட்சத்திரங்களாகப் பார்த்து நிற்க வேண்டும். பாதைப் பட்டியலைப் பார்த்த மாத்திரத்திலேயே எங்கே நிற்பது, எங்கே பாய்வது என்று பாதி முடிவாகிவிடும்.

துணை மென்பொருள்: ஆட்டம் தன் நாட்குறிப்பை உங்கள் கொம்பியூட்டரில் சேவ்ட் கேம்ஸ் கோப்புறைக்குள், ஃப்ரன்டியர் டெவலப்மென்ட்ஸ் என்ற பெயரின் கீழ் எழுதிக்கொண்டே போகும். ஒப்சர்வேட்டரி அதைப் படித்து, விலை உயர்ந்த கோள் வந்ததும் குரலில் சொல்லும். உயிரினக் கணிப்பும் அதில் சேர்க்கலாம். இடிஎம்சி நீங்கள் பார்த்ததைப் பொதுத் தரவுக்கு அனுப்பும். ஸ்பான்ஷ் தளத்தில் நியூட்ரோன் பாதை போடலாம். அதே தளத்தில் ஏற்கனவே தெரிந்த பணக்காரக் கோள்களை அடுக்கிக் கொடுக்கும் பாதையும் உண்டு. விரைவாகக் காசு வேண்டுமானால் அது உதவும், ஆனால் அந்தக் கோள்கள் எல்லாவற்றிலும் வேறொருவர் பெயர்தான் இருக்கும். டிஎஸ்எஸ் பழக நல்லது, அதற்கு மேல் எனக்கு அதில் விருப்பமில்லை.

விற்பனையில் ஒரு கவனம். ஆழ்வெளியில் யாருடையதாவது ஃப்ளீட் கரியர் என்ற தாய்க்கப்பல் நின்றால் அதிலும் வரைபடத் தரவை விற்கலாம், ஆனால் கையில் வருவது 75 வீதம். கப்பல் அடிபட்டிருந்தால் அந்தக் கால் பங்கை யோசிக்காமல் விட்டுக்கொடுத்து விற்றுவிடுங்கள். நல்ல நிலையில் இருந்தால் நிலையம் வரை கொண்டுபோங்கள்.

தெஹிவளைப்பயணி:

ஸ்ட்ரேட்டம் டெக்டோனிக்காஸேதான்! மூன்று மாதிரியும் எடுத்தாச்சு, மற்றது பாக்டீரியம். ஆனால் இப்போது எரிபொருள் 4 தொன்தான் இருக்கிறது. எஸ்சிஓவைக் கொஞ்சம் கூட அழுத்திவிட்டேன். இந்தத் தொகுதியின் நட்சத்திரம் டி வகை, ஸ்கூப் ஒன்றும் எடுக்குதில்லை.

கொட்டாஞ்சேனை77:

தம்பி, டி பழுப்புக் குள்ளன், அதில எடுக்கேலாது. எல், வை ரெண்டிலயும் அப்பிடித்தான். நியூட்ரோன், வெள்ளைக் குள்ளனும் இல்லை. ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம் இந்த ஏழும்தான் எரிபொருள் தரும்.

முதல்ல எஸ்சிஓவைத் தொடாதீங்கோ. இயக்க விசையெல்லாம் விட்டு, கலக்ஸி மப்பைத் திறந்து நட்சத்திர வகை வடிப்பான்ல அந்த ஏழை மட்டும் விட்டு மற்றதெல்லாம் எடுத்துவிடுங்கோ. 4 தொன்னில போகக்கூடிய ஆகக் கிட்டின எம் ஒண்டைப் பாருங்கோ. 10, 15 ஒளியாண்டுக்குள்ள எண்டா ஒரு தொன்னும் எரியாது, தூரம் கூடக் கூடத்தான் எரிபொருள் பல மடங்கா ஏறும். ஒரே நீட்டுப் பாய்ச்சலாப் போகாம ரெண்டு குட்டையாப் போறது மலிவு. கிட்ட ஒண்டும் இல்லாமக் கொஞ்சம் எட்டாம நிண்டா, கார்பன், வனேடியம், ஜெர்மேனியம் ஒவ்வொண்டு இருந்தா சின்தெசிஸில (பொருள் கலந்து செய்யிற வசதி) டிரைவுக்கு அடிப்படை ஊசி ஒண்டு போடலாம், அந்தப் பாய்ச்சல் 25 வீதம் நீளும்.

அதுவும் சரிவராட்டி பாய வேண்டாம், நிண்ட இடத்திலயே நில்லுங்கோ. ஃபியூவல் ரட்ஸ் எண்ட ஆக்கள் எந்த மூலைக்கும் எரிபொருள் கொண்டுவருவினம், காசு கேக்கமாட்டினம். திரையில ஒட்சிசன் நேரம் குறையிறது தெரிஞ்சா அந்தச் செக்கனே மெயின் மெனுவுக்கு வெளியேறிப்போட்டுத்தான் அவையளைக் கூப்பிடோணும். உள்ள இருந்துகொண்டு எழுதிக்கொண்டு நிண்டா அவை வர முதல் ஒட்சிசன் முடிஞ்சிடும். தெரியாட்டி உள்ளயே இருந்து, தொகுதியின்ர பெயரை எழுத்துப் பிழையில்லாம அனுப்புங்கோ. அந்த 95 மில்லியன் இன்னும் விக்கேல்லை, ஞாபகம் வையுங்கோ.

தெஹிவளைப்பயணி:

11 ஒளியாண்டில் ஓர் எம் இருந்தது. போய்ச் சேர்ந்தாச்சு, இப்போது ஸ்கூப் ஓடுகிறது, 19 தொன்.